டெம்புரா ஏன் பஜ்ஜியாகிவிடுகிறது?

கேள்வி இதுதான்: ஜப்பானிய உணவகத்தில் சாப்பிட்ட காய்கறி டெம்புரா, அதாவது மாவில் தோய்த்துப் பொரித்த காய், மெல்லிசாக, வெளிறிய நிறத்தில், கடித்தால் நொறுங்கும்படி இருந்தது. வீட்டில் மைதா, முட்டை, ஐஸ் தண்ணீர் என்று எல்லாவற்றையும் சொன்னபடி போட்டும் பஜ்ஜிக்கும் போண்டாவுக்கும் நடுவில் ஏதோ ஒன்று வருகிறது. ஐந்து நிமிடத்தில் நமுத்தும் போகிறது. எங்கே தப்பு?

தப்பு பெரும்பாலும் கையில்தான். கோபித்துக்கொள்ள வேண்டாம், என் கையிலும் அதே தப்பு இருந்தது. பஜ்ஜிக்கு மாவு கரைத்துப் பழகிய கை சும்மா இருக்காது. கட்டி தட்டக் கூடாது, வழுவழுவென்று வர வேண்டும், இன்னும் இரண்டு சுற்று சுற்றலாம் என்று அதுபாட்டுக்கு வேலை பார்க்கும். டெம்புராவுக்கு அந்தச் சுறுசுறுப்பே ஆகாது.

தோக்கியோவை ஒட்டிய சைத்தாமாவில் சில வருடங்கள் குடியிருந்தேன். கீழ்வீட்டில் எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி இருந்தார். அவர் சமையலறையில் முதன்முதலாக நான் மாவு கலக்கியபோது, பத்து விநாடி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிச் சிங்க்கில் கொட்டிவிட்டார். புதிதாக மாவு சலித்தார். தண்ணீர் ஊற்றினார். தடித்த சாப்ஸ்டிக் இரண்டைத் தலைகீழாகப் பிடித்து, குத்துவது போலவும் கோடு போடுவது போலவும் பதினைந்து இருபது தடவை அசைத்தார். நிறுத்திவிட்டார். கிண்ணத்தின் ஓரத்தில் மாவு இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது, நடுவில் பட்டாணி அளவுக்குக் கட்டிகள் மிதந்தன. நான் பாதியில் விட்டுவிட்டார் என்று நினைத்தேன். அதுதான் முடிவே.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். கோதுமை மாவில் குளூட்டனின், கிளியாடின் என்று இரண்டு புரதங்கள் இருக்கின்றன. தண்ணீர் பட்டு, கலக்கும் அசைவும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று பிணைந்து குளூட்டன் என்ற வலையாகும். பரோட்டா மாவு இழுக்க இழுக்க வருவது இந்த வலையால்தான். பரோட்டாவுக்கு அது வரம். டெம்புராவின் மேல்மாவில் அந்த வலை விழுந்துவிட்டால், உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேற வழி கிடைக்காது. மேலே ரப்பர் மாதிரி ஒரு தோல், அதற்குள்ளே ஈரம். எண்ணெயிலிருந்து எடுத்தவுடன் மொறுமொறுப்பாகத்தான் தோன்றும். இரண்டு நிமிடத்தில் உள்ளிருக்கும் ஈரம் வெளியே வந்து எல்லாவற்றையும் சொதசொதவென்று ஆக்கிவிடும்.

கடலை மாவில் குளூட்டன் கிடையாது. அதனால்தான் பஜ்ஜி மாவை எவ்வளவு அடித்தாலும் குற்றமில்லை. அடித்தால் காற்றேறி இன்னும் நன்றாகத்தான் வரும். நம் வீட்டுப் பாடம் அங்கே சரி, இங்கே தவறு. உங்களுக்கு உவமை வேண்டுமானால் பஜ்ஜியை விட்டுவிட்டு ரவா தோசையை நினைத்துக்கொள்ளுங்கள். நீர்க்கக் கரைத்த மாவு சூட்டில் பட்டதும் தண்ணீர் ஓட்டை ஓட்டையாகப் பிய்த்துக்கொண்டு ஓடுகிறதே, மொறுமொறுப்பு அந்த ஓட்டைகளில்தான் இருக்கிறது. டெம்புராவிலும் நடப்பது அதே. ஜப்பானியர்கள் இந்த மேல்மாவைக் கொரோமோ என்கிறார்கள். உடுப்பு என்று அர்த்தம். கோடைக்குப் போடும் மெல்லிய உடுப்பாக இருக்க வேண்டும், கம்பளிப் போர்வையாக அல்ல.

சரி, அளவுக்கு வருகிறேன். நான்கு பேருக்கு மாவு 100 கிராம், தண்ணீரும் முட்டையும் சேர்த்து 160 மில்லி. இதைப் பிடித்துக்கொண்டால் போதும். ஜப்பானில் டெம்புராவுக்கு ஹகுரிக்கிகோ என்ற புரதம் குறைந்த மாவைப் பயன்படுத்துவார்கள். அதில் புரதம் 7 முதல் 9 சதவீதம் வரைதான் இருக்கும். நம் கடைகளில் வாங்கும் மைதாவில் பெரும்பாலும் 10 சதவீதத்துக்கு மேல். எனவே 100 கிராமில் 75 கிராம் மைதாவும் 25 கிராம் கார்ன்ஃப்ளாரும் எடுத்துக்கொள்ளுங்கள். கேக்குக்கும் சூப்புக்கும் போடும் வெள்ளை வெளேரென்ற மாவைச் சொல்கிறேன், மஞ்சள் மக்காச்சோள மாவை அல்ல. கார்ன்ஃப்ளார் இல்லாவிட்டால் நைசான அரிசி மாவு. அரிசி மாவில் மொறுமொறுப்பு கூடுதலாகவே வரும், ஆனால் கடிக்கும்போது நொறுங்காமல் முறுக்கு மாதிரி சற்றுக் கடினமாக உடையும். எனக்குக் கார்ன்ஃப்ளார்தான் பிடிக்கும். இரண்டையும் சேர்த்துச் சலித்து, டப்பாவோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

ஒரு முட்டையின் மஞ்சள் கரு, மீதிக்கு ஐஸ் தண்ணீர். முதலில் மஞ்சள் கருவைத் தண்ணீரில் நன்றாக அடித்துக் கலந்துகொள்ளுங்கள். அடிக்கும் ஆசையை இங்கே தீர்த்துக்கொள்ளலாம். பிறகு அதில் மாவைத் தூவுங்கள். மாவில் தண்ணீரை ஊற்றுவதைவிட, தண்ணீரில் மாவைப் போட்டால் குறைந்த அசைவில் கலந்துவிடும். ஸ்பூனோ விஸ்க்கோ வேண்டாம். சாப்ஸ்டிக் இல்லாவிட்டால் இரண்டு மரக்கரண்டிக் காம்புகள் போதும். வட்டமாகச் சுற்றாதீர்கள், எட்டு போட்ட மாதிரி குறுக்கும் நெடுக்குமாக இழுங்கள். பதம் ரவா தோசை மாவுக்கும் ஆப்ப மாவுக்கும் நடுவில். காயைத் தோய்த்துத் தூக்கினால் மாவு சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், காயின் நிறம் உள்ளே தெரிய வேண்டும். உப்பு, மிளகாய்த்தூள், பெருங்காயம் எதுவும் வேண்டாம். எனக்கும் முதல் முறை கை நடுங்கியது.

முட்டை சாப்பிடாதவர்கள் தயங்க வேண்டியதில்லை. ஜப்பானில் பௌத்த மடங்களின் சைவச் சமையலுக்கு ஷோஜின் ரியோரி என்று பெயர். அந்த முறையில் காய்கறி பொரிக்கும்போது முட்டையே கிடையாது, மாவும் தண்ணீரும்தான். ஆகவே முட்டையில்லாத டெம்புரா ஏதோ நாம் கண்டுபிடித்த சமரசம் என்று நினைக்க வேண்டாம், அது அங்கேயே உள்ள மரபு. முட்டைக்குப் பதிலாக நன்றாகக் குளிர்ந்த சோடாவை ஊற்றலாம். அதன் காற்றுக் குமிழ்கள் மாவை இன்னும் லேசாக்கும். பாட்டிலை அப்போதுதான் திறக்க வேண்டும். ஆப்பசோடா போடும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். நிறம் கறுக்கும், எண்ணெயும் குடிக்கும்.

தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்க வேண்டும்? சூட்டுக்கும் குளிருக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாக இருந்தால் மொறுமொறுப்பு வரும் என்று பலர் சொல்வார்கள். அதைவிட முக்கியமான காரணம், குளிரில் மாவு தண்ணீரை மெதுவாகத்தான் இழுக்கும், குளூட்டன் வலையும் மெதுவாகத்தான் பின்னும். அதாவது குளிர்ச்சி உங்களுக்கு நேரம் வாங்கித் தருகிறது. அவ்வளவுதான். அதனால் மாவைக் கரைத்து ஓரமாக வைத்துவிட்டுக் காய் நறுக்கப் போவது கூடவே கூடாது. காய் நறுக்கி, துடைத்து, எண்ணெய் காய்ந்து, எல்லாம் தயாரான பிறகு கடைசியாகத்தான் மாவு. இன்னொன்று, பலர் ஐஸ் கட்டியையே மாவுக்குள் போட்டுவிடுகிறார்கள். அது கரையக் கரைய மாவு நீர்த்துக்கொண்டே போகும். பெரிய பாத்திரத்தில் ஐஸைக் கொட்டி, அதன்மேல் மாவுக் கிண்ணத்தை வையுங்கள். அடுப்பிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி. ஆள் அதிகம் என்றால் மாவை இரண்டு தவணையாகக் கரையுங்கள்.

மாவைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், டெம்புராவைத் தூக்கி நிறுத்துவதும் கவிழ்ப்பதும் எண்ணெய்தான். மாவில் சோம்பேறியாக இருந்தவர் எண்ணெய் முன்னால் கண் கொத்திப் பாம்பாக மாற வேண்டும்.

கனமான வாணலி எடுத்துக்கொள்ளுங்கள், இருப்புச்சட்டி இருந்தால் இன்னும் நல்லது. ஒருமுறை சூடேறினால் சட்டென்று ஆறாது. எண்ணெய் மூன்று நான்கு சென்டிமீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும். எடோ என்று அழைக்கப்பட்ட பழைய தோக்கியோவின் பாணியில் எள்ளெண்ணெய் சேர்ப்பார்கள், அதன் மணமும் பழுப்பு நிறமும்தான் அந்த ஊர் டெம்புராவின் அடையாளம். ஒசாகா, கியோத்தோ பக்கம் மணமில்லாத எண்ணெயில் வெளிறலாகப் பொரித்து உப்பு தொட்டுச் சாப்பிடுவார்கள். நம்மிடம் நல்லெண்ணெய் இருக்கிறதே என்று முழுக்க அதிலேயே பொரித்துவிட வேண்டாம். ஜப்பானில் மணத்துக்குச் சேர்க்கும் எள்ளெண்ணெய் எள்ளை வறுத்து எடுப்பது. நம் செக்கு எண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டுவது, ஆட்டும்போது கருப்பட்டியோ வெல்லமோ சேர்ப்பதும் உண்டு. ருசி வேறு, பொரிக்கும்போது நுரைத்துக்கொண்டும் வரும். தவிட்டு எண்ணெய் அருமையாக ஒத்துவரும். ஜப்பானியர்களும் அதைப் பொரிப்பதற்கு விரும்புகிறார்கள். அதில் இரண்டு ஸ்பூன் வறுத்த எள்ளெண்ணெய் கலந்தால் மணத்துக்குப் போதும்.

சூடு காய்கறிக்கு 160 முதல் 180 டிகிரி வரை. சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் சந்தோஷம். இல்லாவிட்டால் பாட்டி காட்டிய வழி: மாவில் ஒரு சொட்டை எண்ணெயில் விடுங்கள். அடியில் போய் உட்கார்ந்து, யோசித்து யோசித்து மேலே வந்தால் 160 சொச்சம். பாதி ஆழம் போய்ச் சட்டென்று எழும்பினால் 170 முதல் 180. உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே சிதறினால் 200-ஐத் தொட்டுவிட்டது, அடுப்பைக் குறையுங்கள். ஒவ்வொரு ஈடுக்கும் முன்னால் இந்தச் சொட்டுப் பரிசோதனை வேண்டும். குளிர்ந்த மாவு விழுந்ததும் எண்ணெயின் சூடு இறங்கும். நிறையப் போட்டால் அதிகமாக இறங்கும். எண்ணெய்ப் பரப்பில் பாதிக்கு மேல் மூடக் கூடாது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாணலியில் அது நான்கைந்து துண்டுதான். விருந்தாளி காத்திருக்கிறார் என்று பத்துத் துண்டை அள்ளிப் போட்டால் எல்லாம் எண்ணெய் குடித்த பஞ்சாக வரும்.

அப்புறம் காதைக் கொடுங்கள். காய் விழுந்ததும் பெரிய பெரிய குமிழியாக, மழை கொட்டுவது போல் சத்தம் வரும். அது மாவிலிருந்தும் காயிலிருந்தும் தண்ணீர் ஓடும் சத்தம். உள்ளே ஈரம் இருக்கும்வரை காய் எண்ணெயில் வேகவில்லை, தன் சொந்த ஆவியில் வேகிறது. மாவு மட்டும்தான் பொரிகிறது. டெம்புராவின் சூட்சுமமே இந்த இரட்டை வேலைதான். நேரம் போகப்போகக் குமிழி சிறுத்து, சத்தம் கூர்மையாகி, சிறு மணி மாதிரிக் கேட்கும். எடுப்பதற்கு அதுதான் நேரம். நிறத்தை நம்பாதீர்கள். பொன்னிறம் வரட்டும் என்று காத்திருப்பது வடையிலும் பஜ்ஜியிலும் வந்த பழக்கம். டெம்புரா வெளிறிய வைக்கோல் நிறத்திலேயே முடிந்துவிடும்.

எடுக்கும் விதமும் ஒரு விஷயம். பொரிக்கும்போது ஆவி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் அதிகம் உள்ளே நுழைய முடியாது. வெளியே எடுத்து ஆறும்போதுதான் உள்ளே ஆவி சுருங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உறிஞ்சுகிறது. ஆகவே தூக்கியவுடன், சூடு ஆறுவதற்குள், வாணலிக்கு மேலேயே இரண்டு விநாடி பிடித்து உதறுங்கள். அப்புறம் கம்பித்தட்டில் சாய்த்து நிறுத்துங்கள். செய்தித்தாள், டிஷ்யூ பேப்பர் மேல் படுக்கவைத்தால் அடிப்பக்கத்து ஆவி போக இடமில்லாமல் அங்கேயே நீராகிவிடும். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் கேட்கவே வேண்டாம். நீங்கள் சொன்ன அந்த ஐந்து நிமிட நமுத்தலில் பாதிக்கு இதுதான் காரணமாக இருக்கும்.

எந்தக் காய் போடலாம் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஜப்பானில் டெம்புரா பருவத்தோடு நடக்கும். வசந்தத்தில் ஃபுகி பூமொட்டு, தாரா மரத்துத் துளிர் என்று கசப்பும் மணமும் உள்ள மலைத் தளிர்கள்; கோடையில் கத்தரிக்காய், வெண்டைக்காய், ஷிஷிதோ என்ற காரமில்லாத சின்ன மிளகாய்; இலையுதிர் காலத்தில் பூசணி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, காளான், தாமரைக்கிழங்கு. பட்டியலைப் பார்த்தாலே தெரியும், முக்கால்வாசி நம் சந்தையிலும் உண்டு.

சர்க்கரைவள்ளி எல்லாவற்றிலும் எளிது. தோலோடு முக்கால் சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாக நறுக்கி, பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு மேல் ஸ்டார்ச்சைக் கழுவி, நன்றாகத் துடையுங்கள். 160 டிகிரியில் நான்கு நிமிடம். குறைந்த சூட்டில் மெதுவாக வெந்தால்தான் கிழங்கு இனிக்கும். தோக்கியோவின் கின்சா பகுதியில் கடை நடத்தும் ஃபுமியோ கோண்டோ என்ற புகழ்பெற்ற டெம்புரா சமையற்காரர் சர்க்கரைவள்ளியை உருளைத் துண்டாக, கை முட்டி கனத்துக்கு வெட்டி, அரை மணி நேரம் போல நிதானமாகப் பொரிப்பார். மீனும் இறாலும்தான் டெம்புரா என்றிருந்த மேல்தட்டுக் கடைகளில் காய்கறிக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தவர் என்று அவரைச் சொல்லலாம். வீட்டில் அந்தக் கனத்துக்கு ஆசைப்பட வேண்டாம்.

பூசணியில் நாம் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். ஜப்பானின் கபோச்சா மாவுப்பிடிப்பானது, ஏறக்குறைய கிழங்கு மாதிரி. நம் பரங்கிக்காயில் தண்ணீர் அதிகம். நன்றாக முற்றியதாகப் பார்த்து, அரை சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் நறுக்குங்கள். கத்தரிக்காயைக் காம்போடு நெடுக்காகப் பிளந்து, விசிறி மாதிரி கீறி விரித்து, 180 டிகிரியில் இரண்டு நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும். உப்புத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், நறுக்கியவுடன் பொரியுங்கள். வெண்டைக்காய் முழுசாக. ஆனால் காம்பைச் சீவி, ஊசியாலோ கத்தி முனையாலோ இரண்டு இடத்தில் குத்துங்கள். குத்தாவிட்டால் உள்ளே ஆவி அடைத்துக்கொண்டு வெடிக்கும். முழு மிளகாய்க்கும் இதே கதை. என் முழங்கையில் இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது. காளானில் சிப்பிக்காளான்தான் சரி, பட்டன் காளான் கடித்தால் உள்ளிருந்து கொதிநீர் பீய்ச்சும். தாமரைக்கிழங்கு கிடைத்தால் விடாதீர்கள். அரை சென்டிமீட்டர் வட்டம், வினிகர் கலந்த தண்ணீரில் ஐந்து நிமிடம், துடைத்துவிட்டு மூன்று நிமிடம். பாகற்காயும் ஆகும். ஜப்பானின் தெற்குத் தீவுகளான ஒகினாவாவில் கோயா என்ற பாகற்காயின் டெம்புரா சாதாரணமான பண்டம்.

இலைகளில் ஷிசோ என்ற மணமுள்ள ஜப்பானிய இலைதான் ராஜா. அதை ஒரு பக்கம் மட்டும் மாவில் தோய்த்து, அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி இருபது முப்பது விநாடி பொரிப்பார்கள்; மேல்பக்கம் பச்சையாகவே தெரியும். ஷிசோ கிடைக்காத இடத்தில் நான் வெற்றிலையில் செய்கிறேன், இளசாக இருந்தால் பிரமாதம். கற்பூரவல்லி பஜ்ஜி நம் ஊரில் உண்டு என்றாலும் டெம்புராவுக்கு அந்த இலை சதைப்பற்று கூடுதல். இலைக்கு வந்த மரியாதையின் உச்சம் ஒசாகாவுக்கு வடக்கே மினோ என்ற ஊரில். அங்கே மேப்பிள் இலையை உப்பில் ஒரு வருடம் போல ஊறவைத்து, எள்ளும் சர்க்கரையும் கலந்த மாவில் தோய்த்துப் பொரித்துத் தின்பண்டமாக விற்கிறார்கள்.

எந்தக் காயானாலும் இரண்டு விதி. துணியால் துடைத்து ஈரம் போக்கிவிட்டு, உலர்ந்த மாவை மெலிதாகத் தூவித் தட்டிவிட வேண்டும். பிறகுதான் கரைத்த மாவில் தோய்க்க வேண்டும். அந்த உலர் மாவு இல்லாவிட்டால், குறிப்பாகக் கத்தரிக்காயிலும் வெண்டைக்காயிலும், உடுப்பு கழன்று தனியே மிதக்கும். வரிசையையும் பாருங்கள்: முதலில் மிளகாய், இலை மாதிரி எண்ணெயைக் கெடுக்காதவை, அப்புறம் கிழங்குகள், கடைசியில் ககியாகே.

ககியாகே என்பது நறுக்கிய காய்களைச் சேர்த்துப் பொரிப்பது. வெங்காயம், கேரட், பீன்ஸ் என்று மிச்சம் மீதியைத் தீக்குச்சி கனத்தில் நறுக்கி, இரண்டு ஸ்பூன் உலர் மாவில் புரட்டி, ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் மாவு ஊற்றிக் கிளறுங்கள். வெங்காய பக்கோடாதானே என்று தோன்றும். கையால் பிசையாமல், உப்புப் போட்டுத் தண்ணீர் விடவைக்காமல் இருக்க முடிந்தால் அது பக்கோடா ஆகாது. ஜல்லிக்கரண்டியில் வட்டமாகப் பரப்பி, மெல்ல எண்ணெயில் சரித்து விடுங்கள். பிரிந்து ஓடினால் முதல் சில விநாடிகளுக்குள் சாப்ஸ்டிக்கால் கூட்டிச் சேர்க்கலாம், அதற்குப் பிறகு தொடாதீர்கள். ஒரு பக்கம் இறுகிய பின் திருப்பி, நடுவில் இரண்டு மூன்று குத்து குத்தினால் ஆவி போகும். மொத்தம் நான்கு நிமிடம்.

இந்தப் பண்டம் ஜப்பானுக்கு வந்த கதையும் சுவையானது. 1543-ல் தானேகாஷிமா தீவில் போர்ச்சுகீசியர் வந்து இறங்கினார்கள். பின்னால் நாகசாகி அவர்களுடைய வணிகத் துறைமுகமானது. மாமிசம் தவிர்க்கும் விரத நாட்களில் பீன்ஸை மாவில் தோய்த்துப் பொரிப்பது அவர்கள் வழக்கம். தோட்டத்து மீன்குஞ்சு என்று பொருள்படும் பெயரில் போர்ச்சுகலில் இன்றும் அதைச் செய்கிறார்கள். அந்த விரத நாட்களுக்கான லத்தீன் சொல்லான டெம்போரா என்பதிலிருந்துதான் டெம்புரா வந்தது என்பது ஒரு கருத்து, சமையலில் பக்குவம் செய்வதைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து என்பது இன்னொன்று. 1549-ல் ககோஷிமாவில் கரையிறங்கிய பாதிரியார் பிரான்சிஸ் சேவியர், அதற்குச் சில வருடம் முன்புவரை நம் முத்துக்குளித்துறைப் பரதவர் கிராமங்களில் இருந்தவர்தான். கடல் அந்தக் காலத்தில் அவ்வளவு சின்னதாக இருந்திருக்கிறது. 1639-ல் போர்ச்சுகீசியக் கப்பல்களுக்குத் தடை வந்தது, பண்டம் மட்டும் தங்கிவிட்டது. மர வீடுகள் நெருக்கியடித்த எடோவில் தீக்குப் பயந்து இதைத் தெருவண்டிகளில்தான் பொரித்தார்கள். குச்சியில் குத்திக் கொடுப்பார்கள், வாங்கியவர் நின்றபடியே தின்றுவிட்டுப் போவார்.

உங்கள் டெம்புரா தடிமனாக வருகிறது என்றால் இன்னொரு ஆறுதலும் உண்டு. ஒகினாவா டெம்புராவின் மேல்மாவு நல்ல தடிமன், மாவிலேயே உப்பு ருசி, கையில் பிடித்து மாலைப் பலகாரமாகச் சாப்பிடுவார்கள். பஜ்ஜிக்கு ஜப்பானில் ஒரு பங்காளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டுக்கொள்ள முதலில் உப்பு. தூள் உப்பை வெறும் வாணலியில் வறுத்து, இருந்தால் ஒரு சிட்டிகை மட்சா என்ற பச்சைத் தேயிலைத் தூள் கலந்துவிடுங்கள். தென்ட்சுயு என்ற சாறு வேண்டுமானால் தாஷி நான்கு பங்கு, சோயா சாஸ் ஒரு பங்கு, மிரின் என்ற இனிப்பான அரிசி மது ஒரு பங்கு, ஒரு கொதி. தாஷி என்பது ஜப்பானியச் சமையலின் அடிப்படைச் சாறு. வழக்கமாக அதில் கட்சுவோபுஷி என்ற உலர்ந்த சூரை மீன் சீவல் இருக்கும். அவித்துப் புகைபோட்டுக் காயவைத்த மீன் அது, இலங்கைக்காரர்களுக்கு மாசி என்றால் உடனே புரியும். சைவத்துக்கு அரை லிட்டர் தண்ணீரில் கொம்பு என்ற கடற்பாசி பத்து கிராமும், உலர்ந்த ஷிடாகே காளான் மூன்று நான்கும் இரவு ஊறவைத்து, மறுநாள் மெல்லிய தீயில் சூடாக்கி, கொதிக்கும் முன் கொம்பை எடுத்துவிட்டால் போதும். மிரின் இல்லையென்றால் ஒரு ஸ்பூன் சர்க்கரை. சைனீஸ் ஃப்ரைட் ரைசுக்கு வாங்கிய கறுப்புச் சோயா சாஸ் வேண்டாம், எல்லாவற்றையும் அமுக்கிவிடும். சாற்றில் துருவிய முள்ளங்கி ஒரு குவியல், கொஞ்சம் இஞ்சி. நம் முள்ளங்கி காட்டமானது, துருவி லேசாகப் பிழிந்துவிடுங்கள்.

பொரிக்கும்போது எண்ணெயில் சிதறும் மாவுத் துணுக்குகளை ஒவ்வொரு ஈடுக்கும் அரித்தெடுங்கள். விட்டால் கருகி, அடுத்த ஈடில் ஒட்டும். அவற்றைத் தென்கசு என்பார்கள். கொட்டிவிடாதீர்கள், சூப்பு நூடுல்ஸ் மேல் தூவினால் அருமை. ஆனால் ஒரு எச்சரிக்கை. சூடான துணுக்குகளை ஆழமான பாத்திரத்தில் குவித்து வைத்தால் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போய்த் தானாகத் தீப்பிடிக்கும். ஜப்பானியத் தீயணைப்புத் துறையினர் திரும்பத் திரும்ப எச்சரிக்கும் சமாசாரம் இது. தட்டில் பரப்பி ஆறவிடுங்கள்.

மிஞ்சிப்போனால் மைக்ரோவேவில் வைக்காதீர்கள். ஓவனிலோ ஏர் ஃப்ரையரிலோ நான்கைந்து நிமிடம் வைத்தால் முக்கால் பங்கு மீளும். அல்லது மொறுமொறுப்பை மறந்துவிட்டு, தென்ட்சுயுவில் ஒரு முக்கு முக்கிச் சூடான சோற்றின்மேல் வையுங்கள். அதற்கு தென்டோன் என்று பெயர்.

முதல் முறைக்கு நான்கு பேரைக் கூப்பிட வேண்டாம். நீங்கள் மட்டும், அல்லது இன்னொருவர். சர்க்கரைவள்ளி நான்கு வட்டம், பீன்ஸ் ஒரு கைப்பிடி, ஒரு கத்தரிக்காய். மாவை அரை அளவுக்குக் கரைத்து, கட்டி இருக்கும்போதே கையை எடுத்துவிடுங்கள். பொரித்ததை மேசைக்குக் கொண்டுபோக வேண்டாம், அடுப்படியிலேயே உப்பைத் தொட்டு நின்றபடி தின்றுவிடுங்கள். முதல் துண்டு சவசவ என்றிருந்தால் மாவில் ஒரு ஸ்பூன் ஐஸ் தண்ணீர் விட்டு, அடுப்பைக் கொஞ்சம் ஏற்றி, அடுத்ததைப் போடுங்கள். மூன்றாவது துண்டில் சத்தம் மாறுவது காதில் விழும்.